மேட்ச்ல தோத்தா வலிக்கும், பட்டியல்ல தோத்தா எரியும்

முதல்லயே சொல்லிடறேன், இது ஐ.பி.எல் பதிவு கிடையாது. சிக்ஸர் தேடி வந்தவங்க இப்பவே அப்பீட் ஆயிடலாம் :-) இது புள்ளிப் பட்டியல் பத்தின பதிவு. ஒன்பது அணி, முப்பத்தெட்டு அணி, நூத்திச் சொச்சம் அணின்னு ஆடற போட்டிகள்ல எல்லாரும் எல்லாரோடயும் ஆட முடியறதில்லை. அப்ப ஃபைனலுக்கு யாரைக் கூப்பிடறது? எந்தக் கணக்கை வெச்சு ஒருத்தரை உள்ளே விட்டு, அடுத்தவரை வாசல்ல நிறுத்தறது? கிரிக்கெட்லயும் சரி, அமெரிக்காக்காரன் ஆடற ஃபுட்பால்லயும் சரி, பல வருஷமா இதே சண்டைதான். எனக்கு இதுல ஒரு கருத்து இருக்கு. கொஞ்சம் நீளமா போகும், டீ காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

மைசூருக்குப் பொட்டி தட்ட வந்து வருஷம் நிறைய ஆச்சு. (2014ல பேரை மைசூருன்னு மாத்திட்டாங்க. நம்ம வாய்க்கு இன்னும் மைசூர்தான்.) நான் திண்டுக்கல் பக்கம். எங்க டீம்ல பாதிப் பேர் கன்னடக்காரங்க. வருஷம் பூரா தங்கமானவங்க. ரஞ்சி சீசன் வந்தா மட்டும் யாராவது ஒருத்தர் என்னைப் பார்த்து ஒரு நம்பர் சொல்லுவார். "குரு, 762!" 2015 மார்ச் மாசம் வான்கடே ஃபைனல்ல நம்ம தமிழ்நாடு 134க்குச் சுருண்டப்புறம் கர்நாடகா அடிச்ச ஸ்கோர் அது. கருண் நாயர் மட்டும் 328. இன்னிங்ஸ் மற்றும் 217 ரன் வித்தியாசத்துல தோத்தோம். நான் ஒண்ணும் பேச முடியாது. மைதானத்துல அடிச்சாங்க, வாங்கிக்கிட்டோம், அவ்வளவுதான்.

பதிலுக்கு நானும் ஒரு நம்பர் சொல்லுவேன். "ஆறு!"

தெரியாதவங்களுக்கு: 2010 ஜனவரியில ரஞ்சி ஃபைனல் எங்க மைசூர்லதான் நடந்துச்சு. பல்கலைக்கழகத்தோட மானசகங்கோத்ரி பக்கம் இருக்கிற கங்கோத்ரி கிளேட்ஸ் மைதானம். கர்நாடகாவும் மும்பையும். மும்பை 233. கர்நாடகா 130க்கு ஆல் அவுட். மும்பை திரும்ப 234. ஜெயிக்க 338 வேணும். மணீஷ் பாண்டே 144 அடிச்சு கிட்டத்தட்ட கொண்டாந்து சேர்த்துட்டார். 331ல கடைசி விக்கெட் விழுந்துச்சு. ஆறு ரன்ல கோப்பை போச்சு. நாலாவது நாளே ஆட்டம் முடிஞ்சிடுச்சு.

அன்னிக்கு அங்கே இருந்த ஒரு மண்டியாக்கார நண்பர் எங்க ஆபீஸ்ல இருக்கார். இத்தனை வருஷம் கழிச்சும் அந்த மேட்சைப் பந்து பந்தா சொல்லுவார். சொல்லி முடிச்சுட்டு ஒரு பெருமூச்சு விடுவார். ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கேன். ஒரு தடவைகூட "விதி சரியில்லை", "கணக்கு தப்பு", "எங்களை ஏமாத்திட்டாங்க"ன்னு சொன்னதில்லை. "நம்ம ஹுடுகரு இன்னொரு ரெண்டு ஷாட் அடிச்சிருக்கலாம்"னு மட்டும்தான் சொல்லுவார்.

இதே மனுஷன், புள்ளிப் பட்டியல்ல எந்த அணியாவது தசமப் புள்ளியில வெளியே போனா, அது கர்நாடகாவா இல்லாட்டியும்கூட, அரை மணி நேரம் பொங்குவார்.

இந்த வித்தியாசத்துலதான் எல்லாமே இருக்குன்னு எனக்குத் தோணுது. மேட்ச்ல தோத்தா வலிக்கும், அப்புறம் ஆறிடும். பட்டியல்ல தோத்தா எரியும், ஆறவே ஆறாது. ஏன்னா மேட்ச்ல உன்னைத் தோக்கடிச்சவன் எதிர்ல நிக்கறான். பட்டியல்ல உன்னைத் தோக்கடிச்சது யாருன்னே தெரியாது. நீ ஆடாத ஊர்ல, நீ பார்க்காத ரெண்டு பேர் ஆடின மேட்ச்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நாலு புள்ளியில போன ஃபைனல்

உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் எடுத்துக்கோங்க. ஒன்பது அணி. ரெண்டு வருஷ சுற்று. ஒவ்வொரு அணியும் ஆறு தொடர் ஆடும், மூணு சொந்த ஊர்ல, மூணு வெளியூர்ல. அதாவது மத்த எட்டுப் பேர்ல ரெண்டு பேரோட ஆடவே மாட்டாங்க. யாரோட ஆடறது, எத்தனை டெஸ்ட் ஆடறதுன்னு போர்டுங்க தங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிக்குவாங்க. ஒரு தொடர்ல ரெண்டு டெஸ்ட்டும் இருக்கலாம், அஞ்சும் இருக்கலாம். கடைசியில பட்டியல்ல முதல் ரெண்டு பேர் ஃபைனல்.

முதல் சுற்று 2019ல ஆரம்பிச்சப்போ, ஒரு தொடருக்கு மொத்தம் 120 புள்ளி, யார் புள்ளி அதிகமோ அவங்க மேல. நடுவுல கொரோனா வந்துச்சு. பல தொடர் நடக்கலை. 2020 நவம்பர்ல விதியை மாத்தினாங்க: இனிமே மொத்தப் புள்ளி கிடையாது, ஆடின தொடர்கள்ல எத்தனை சதவீதம் எடுத்தியோ அதுதான் கணக்கு. அதுவரைக்கும் 360 புள்ளியோட முதல் இடத்துல இருந்த இந்தியா, ஒரு பந்துகூட வீசாம ரெண்டாவது இடத்துக்கு இறங்கிடுச்சு. வேற வழியில்லாம மாத்தினாங்க, ஒத்துக்கறேன். ஆனா பாதி ஆட்டத்துல விதி மாறினா, யாரோ ஒருத்தருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

அந்தச் சுற்றோட கடைசியைப் பாருங்க. இந்தியா 72.2 சதவீதம். நியூசிலாந்து 70.0. ஆஸ்திரேலியா 69.2. ஃபைனலுக்குப் போனது இந்தியாவும் நியூசிலாந்தும். ஆஸ்திரேலியா 480க்கு 332 எடுத்திருந்தாங்க. 2020 டிசம்பர்ல மெல்போர்ன் டெஸ்ட்ல ரெண்டு ஓவர் மெதுவா போட்டாங்கன்னு நாலு புள்ளி பிடிச்சிருந்தாங்க. அந்த நாலைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்க. 336ஐ 480ஆல வகுத்தா, சரியா 70.0. நியூசிலாந்தோட சமம். சமமா இருந்தா அடுத்து ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன் எடுத்தே, எத்தனை கொடுத்தேங்கிற விகிதம் பார்ப்பாங்க. அதுல ஆஸ்திரேலியாதான் மேல. ஆக, ரெண்டு ஓவர் தாமதம் ஒரு உலக ஃபைனலோட ஒரு பக்கத்தையே மாத்திடுச்சு. அது போதாதுன்னு, ஆஸ்திரேலியா தென்னாப்பிரிக்காவுக்குப் போக வேண்டிய பயணத்தையும் 2021 பிப்ரவரியில தள்ளி வெச்சாங்க. நியூசிலாந்து வீட்ல உக்காந்துக்கிட்டே ஃபைனலுக்குத் தகுதி பெற்றாங்க. அப்புறம் சவுத்தாம்ப்டன்ல நம்மளைப் போட்டு சாத்தினதும் அவங்கதான். அது வேற சோகம், விடுங்க.

அடுத்து 2023-25 சுற்று. தென்னாப்பிரிக்கா 12 டெஸ்ட் மட்டும் ஆடி, 8 ஜெயிச்சு, 69.44 சதவீதத்தோட முதல் இடம். ஆஸ்திரேலியா 19 டெஸ்ட், 67.54. இங்கிலாந்து 22 டெஸ்ட் ஆடி வெளியே. தென்னாப்பிரிக்கா அந்தச் சுற்றுல ஆஸ்திரேலியாவோடயும் ஆடலை, இங்கிலாந்தோடயும் ஆடலை. அவங்க ஆடின ஆறு தொடரும் ரெண்டு ரெண்டு டெஸ்ட்தான். "சுலபமான வழியில வந்துட்டாங்க"ன்னு அப்ப எத்தனை பேர் எழுதினாங்கன்னு ஞாபகம் இருக்கா?

என்ன நடந்துச்சு? 2025 ஜூன்ல லார்ட்ஸ்ல ஃபைனல். முதல் இன்னிங்ஸ்ல 138க்கு ஆல் அவுட் ஆகியும், ஏய்டன் மார்க்ரம் 136 அடிச்சு, டெம்பா பவுமா நொண்டிக்கிட்டே 66 அடிச்சு, அஞ்சு விக்கெட்ல ஜெயிச்சாங்க. எல்லா வாயும் மூடிச்சு.

ஜெயிச்சதால மூடிச்சு. தோத்திருந்தா? "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்"னு ஊரே சொல்லியிருக்கும். அந்தப் பசங்க மேல என்ன தப்பு? அட்டவணையை அவங்களா போட்டாங்க? வந்த எதிரியோட ஆடினாங்க, ஜெயிச்சாங்க.

இங்கே சின்னதா ஒரு கணக்கு. 12 டெஸ்ட் ஆடற அணிக்கு ஒரு ஜெயம் கைநழுவினா 8.3 சதவீதம் காலி. 22 டெஸ்ட் ஆடற அணிக்கு 4.5 சதவீதம்தான். ஒருத்தனுக்கு ஒரு மழை நாள் மொத்த வருஷத்தையும் கெடுக்கும், இன்னொருத்தனுக்கு அதைச் சரி பண்ண இன்னும் பத்து வாய்ப்பு இருக்கும். ஆனா பட்டியல்ல ரெண்டு பேரும் ரெண்டு தசமப் புள்ளியோட ஜம்முனு பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க. தசமம் போட்டா உடனே அறிவியல் மாதிரி தெரியும். நம்மளை ஏமாத்தறது அந்தத் தசமப் புள்ளிதான்.

அமெரிக்காக்காரன் படாத பாடு

இந்த வியாதி நமக்கு மட்டும் இல்லை. ஆன்சைட்ல அட்லாண்டாவுல ஆறு மாசம் இருந்தப்போ, க்ளையன்ட் பக்கத்துல ஒருத்தர் இருந்தார். ஆபர்ன் பல்கலைக்கழகத்துல படிச்சவர். 2004ன்னு சொன்னாலே முகம் சிவந்துடும். என்னடா இதுன்னு கேட்டப்போ மதியச் சாப்பாடு பூரா சொல்லித் தீர்த்தார்.

அங்கே கல்லூரி ஃபுட்பால்னா திருவிழா. (காலால உதைக்கிறது இல்லை. முட்டை மாதிரி பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடி மோதறது.) மேல் பிரிவுல மட்டும் 130க்கு மேல அணிகள். ஒரு அணி ஒரு சீசன்ல ஆடறதோ பன்னிரண்டு மேட்ச் சுமார். யாரும் முக்கால்வாசிப் பேரைப் பார்க்கவே மாட்டாங்க. 1998ல ஒரு முறை கொண்டாந்தாங்க: பத்திரிகைக்காரங்க, பயிற்சியாளர்கள் ஓட்டும், சில கம்ப்யூட்டர் கணக்கும் சேர்த்து ஒரு பட்டியல். முதல் ரெண்டு பேர் ஃபைனல்.

2003ல என்ன ஆச்சுன்னா, மனுஷங்க போட்ட ரெண்டு ஓட்டெடுப்புலயும் சதர்ன் கலிஃபோர்னியா முதல் இடம். கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கூட்டினப்போ மூணாவது இடம்! ஃபைனல் கிடையாது. தன்னோட பிரிவு இறுதியாட்டத்துல 35-7ன்னு செமத்தியா உதை வாங்கின ஓக்லஹோமா உள்ளே. கடைசியில எல்.எஸ்.யூ ஃபைனல்ல ஜெயிச்சாங்க, பத்திரிகைக்காரங்க ஓட்டு மட்டும் சதர்ன் கலிஃபோர்னியாதான் சாம்பியன்னு சொல்லிடுச்சு. ஒரே வருஷம், ரெண்டு சாம்பியன். அடுத்த வருஷம் 2004ல நம்மாளோட ஆபர்ன் ஒரு மேட்ச்கூடத் தோக்கலை. அப்பவும் ஃபைனல் இல்லை. அதே வருஷம் யூட்டாவும் தோக்கலை. ஆனா அது சின்னப் பிரிவு அணி. அதைப் பத்தி யாரும் பேசக்கூட இல்லை.

2014ல ரெண்டை நாலாக்கி, கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு ஒரு கமிட்டியை உக்கார வெச்சாங்க. தீர்ந்துச்சா? 2023ல ஃப்ளோரிடா ஸ்டேட் 13 மேட்ச் ஆடி 13ம் ஜெயிச்சாங்க. கமிட்டி அவங்களை விட்டுட்டு, ஒரு மேட்ச் தோத்த அலபாமாவை எடுத்தாங்க. காரணம்? ஃப்ளோரிடா ஸ்டேட்டோட முக்கிய ஆட்டக்காரர் ஜோர்டன் டிராவிஸுக்குக் கால்ல அடி. அவர் இல்லாத அணி பழைய அணி இல்லையாம். அதுக்கப்புறம் வேற ஒரு ஆட்டத்துல ஜார்ஜியாகிட்ட 63-3ன்னு தோத்தாங்க. "பார்த்தீங்களா, கமிட்டி சொன்னது சரி"ன்னாங்க ஒரு கோஷ்டி. "வாய்ப்பைப் பிடுங்கினப்புறம் மனசு விட்டுப் பாதிப் பேர் ஆடவே வரலை, அந்த மேட்சை எப்படிக் கணக்குல எடுப்பே?"ன்னாங்க இன்னொரு கோஷ்டி.

இந்தச் சண்டையோட அடி வேர் என்னன்னா, பட்டியல் போடறவங்க ரெண்டு கேள்வியைப் போட்டுக் குழப்பிக்கறாங்க. "யார் இப்ப பலசாலி?" என்பது ஒரு கேள்வி. "யார் இதுவரைக்கும் உழைச்சு சம்பாதிச்சாங்க?" என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு ஜோசியர் பதில் சொல்லலாம். ரெண்டாவதுக்கு ஸ்கோர் புக் மட்டும்தான் பதில் சொல்லணும். பலசாலி யாருன்னு முன்கூட்டியே தெரிஞ்சுட்டா மேட்ச் எதுக்கு ஆடணும்?

கடைசியில 2024ல பன்னிரண்டு அணின்னு கதவை அகலமாத் திறந்தாங்க. முதல் வருஷமே எட்டாவது இடம் கொடுக்கப்பட்ட ஒஹாயோ ஸ்டேட் கோப்பையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க! பழைய முறையா இருந்தா டி.வி.லதான் பார்த்திருப்பாங்க.

இதுக்கும் நம்ம பொழப்புக்கும் சம்பந்தம் இல்லைன்னு நினைக்காதீங்க. வருஷா வருஷம் ஐ.டி கம்பெனிங்கள்ல அப்ரைசல்னு ஒரு கூத்து நடக்குமே, அதுவும் இதேதான். தங்கமான க்ளையன்ட்டோட அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போறவனும், ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வந்து எழுந்திருக்கிறவனும் ஒரே பட்டியல்ல. ரெண்டு பேரும் ஆடின மைதானமே வேற. நம்பர் மட்டும் ஒரே காலம்ல இருக்கும்.

நம்ம ஊர்லயே பதில் இருந்துச்சு

இப்ப ரஞ்சிக்கு வாங்க. அமெரிக்காக்காரன் 2024ல கண்டுபிடிச்சதை நாம 2010லயே வெச்சிருந்தோம். அப்புறம் நாமே தொலைச்சோம்.

அப்ப ரஞ்சியில ரெண்டு அடுக்கு. மேல சூப்பர் லீக், கீழ ப்ளேட். ப்ளேட்ல நல்லா ஆடற ரெண்டு அணிக்கு அதே சீசன்ல கால் இறுதியில இடம் உண்டு. 2010-11ல ராஜஸ்தான் ப்ளேட்ல இருந்தாங்க. 1960கள்லயும் 70கள்லயும் எட்டு முறை ஃபைனல் வரைக்கும் வந்து தோத்த அணி, அப்புறம் தேய்ஞ்சு கீழ வந்திருந்தாங்க. அந்த வருஷம் முதல் மேட்ச்ல ஜெய்ப்பூர்ல ஹைதராபாத்தை 21க்கு ஆல் அவுட் ஆக்கினாங்க. ரஞ்சி சரித்திரத்துலயே குறைஞ்ச ஸ்கோர். தீபக் சாஹர்னு ஒரு புதுப் பையன், முதல் மேட்ச், 10 ரன்னுக்கு 8 விக்கெட். அப்புறம் கால் இறுதியில மும்பை, அரை இறுதியில நம்ம தமிழ்நாடு, ஃபைனல்ல பரோடா. வரிசையாத் தாண்டி ஹ்ரிஷிகேஷ் கனித்கர் தலைமையில கோப்பையை எடுத்தாங்க. முதல் தடவையா. கீழ் அடுக்குல ஆரம்பிச்சவன் மேல வந்து எல்லாரையும் சாச்சுட்டான்.

"குருட்டு அதிர்ஷ்டம்"னு சொல்றவங்களுக்கு: அடுத்த வருஷமும் அவங்கதான் சாம்பியன். 2012 ஜனவரியில நம்ம சேப்பாக்கத்துலயே வந்து, வினீத் சக்சேனா 257 அடிச்சு, 621 ரன் குவிச்சு, நம்மகிட்ட இருந்து பிடுங்கிட்டுப் போனாங்க. எனக்குத் தாங்கலை. ஆனா நியாயம்னு பார்த்தா, அந்த ரெண்டு கோப்பையும் சொல்றது ஒண்ணுதான். 2010ல ராஜஸ்தானைக் கீழ் அடுக்குல வெச்ச பட்டியல் தப்பு. அந்தத் தப்பைத் திருத்த ஒரு கதவு திறந்திருந்துச்சு.

2022-23ல அந்தக் கதவைச் சாத்தினாங்க. மேல எலீட் 32 அணி, நாலு குரூப், ஒவ்வொண்ணுல ரெண்டு பேர் கால் இறுதி. கீழ ப்ளேட் ஆறு அணி, அவங்களுக்குத் தனி ஃபைனல். ஜெயிச்சா அடுத்த வருஷம் மேல வரலாம். அந்த வருஷக் கோப்பை? அதைப் பத்தி யோசிக்கவே கூடாது. 2023-24ல ஹைதராபாத் இப்படி மாட்டினாங்க. ரெண்டு முறை ரஞ்சி சாம்பியன், இந்தியாவுக்கு ஆடின திலக் வர்மா அணியில இருக்கார், தன்மய் அகர்வால் அந்த சீசன்ல 147 பந்துல முச்சதம் அடிச்சார். ப்ளேட்டைச் சுலபமா ஜெயிச்சாங்க. ஆனா அந்த வருஷம் ரஞ்சிக் கோப்பையை ஜெயிக்க அவங்களுக்கு வழியே கிடையாது. முதல் நாள் முதல் பந்துக்கு முன்னாடியே அவங்க கதை முடிஞ்சுது.

கதவைச் சாத்தினதுக்கு ஒரு காரணம் இருக்கு, அதையும் மறைக்காம சொல்லணும். 2018-19ல வடகிழக்கு மாநிலங்கள், பீகார், உத்தராகண்ட், புதுச்சேரின்னு ஒன்பது புது அணிகள் வந்தாங்க. ப்ளேட்ல முதல்ல வந்த உத்தராகண்ட் கால் இறுதியில விதர்பாகிட்ட இன்னிங்ஸ் மற்றும் 115 ரன்ல தோத்தாங்க. 2022 மார்ச்ல இன்னும் மோசம். கால் இறுதிக்கு முந்தின ஆட்டத்துல ஜார்க்கண்ட், நாகாலாந்துக்கு எதிரா 880 ரன் அடிச்சாங்க. ஃபாலோ ஆன் கொடுக்காம திரும்பவும் இறங்கி, 1008 ரன் முன்னிலை வெச்சாங்க. ஆயிரத்து எட்டு! தேங்காய் உடைக்கிற கணக்கு மாதிரி :-) ஜெயிக்க முயற்சியே பண்ணலை. முதல் இன்னிங்ஸ் லீட் இருந்தா போதும், மேல போயிடலாம்.

"இதுக்கா குரு கதவைத் திறக்கச் சொல்றே?"ன்னு மண்டியாக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில்: அந்த மேட்ச் அசிங்கமா போச்சு, சந்தேகமே இல்லை. ஆனா அதனால யாருக்கு அநியாயம் நடந்துச்சு? நாகாலாந்து தோத்தாங்க, மைதானத்துல தோத்தாங்க. ஜார்க்கண்ட்டுக்கு அஞ்சு நாள் போச்சு. கதவு சாத்தினப்போ ஹைதராபாத்துக்குப் போனது ஒரு முழு வருஷம். ஒரு ஆட்டக்காரனோட நல்ல வருஷங்கள் எத்தனை இருக்கும்? எட்டு, பத்து? அதுல ஒண்ணைப் பட்டியல் தின்னுடுச்சுன்னா யார் திருப்பித் தருவாங்க?

அப்ப என்னதான் பண்ணணும்கிறே?

பட்டியலே வேண்டாம்னு சொல்ல வரலை. லீக்னு ஒண்ணு இருந்தா வரிசை வேணும். வரிசையை எதுக்குப் பயன்படுத்தறோம்கிறதுதான் விஷயம். என்னோட நாலணா யோசனைகள்:

1. விதியை முதல் பந்துக்கு முன்னாடி சொல்லணும், நடுவுல மாத்தக் கூடாது. மழை வந்தா, தொற்று வந்தா, ஒரு நாடு வர மறுத்தா என்ன கணக்குன்னும் முன்னாடியே எழுதி வெச்சுடணும்.

2. கணக்கு எளிமையா இருக்கணும். டீக்கடையில பேப்பர் ஓரத்துல ஒருத்தன் பென்சிலால போட்டுப் பார்க்க முடியணும். "எதிரியோட பலத்துக்குத் தகுந்தா மாதிரி புள்ளி கொடு, வெளியூர் ஜெயத்துக்குப் போனஸ் கொடு"ன்னு நிறைய பேர் சொல்றாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அமெரிக்காக்காரன் கம்ப்யூட்டரை வெச்சு அதைத்தான் பதினாறு வருஷம் பண்ணிப் பார்த்துட்டு, கடைசியில தூக்கிப் போட்டான்.

3. டெஸ்ட் சாம்பியன்ஷிப்புக்கு அரை இறுதி வேணும். முதல் நாலு பேர். முதல் இடத்துக்காரன் நாலாவது ஆளோட, சொந்த ஊர்ல. ரெண்டாவது ஆள் மூணாவது ஆளோட, சொந்த ஊர்ல. ரெண்டு வருஷம் உழைச்சு மேல வந்தவனுக்குச் சொந்த மைதானம்கிற மரியாதை கிடைக்கும். கீழ இருக்கிறவனுக்கு வாய்ப்பு கிடைக்கும். 2021ல இது இருந்திருந்தா அந்த நாலு புள்ளியைப் பத்தி இன்னிக்கு யாருக்கும் ஞாபகமே இருக்காது. "நேரம் எங்கே இருக்கு?"ன்னு கேப்பாங்க. ஐ.பி.எல்லுக்கு ரெண்டு மாசம் கிடைக்குது. ரெண்டு டெஸ்ட்டுக்குப் பத்து நாள் கிடைக்காதா?

4. ரஞ்சி ப்ளேட்ல ஜெயிக்கிறவனுக்கு அதே வருஷம் ஒரே ஒரு மேட்ச். எட்டாவதா கால் இறுதிக்கு வர அணியோட, அவங்க ஊர்லயே. ஜெயிச்சா உள்ளே, தோத்தா அடுத்த வருஷம் பார்க்கலாம்.

"நாலுன்னு வெச்சா அஞ்சாவது ஆள் அழுவான், பன்னிரண்டுன்னு வெச்சா பதிமூணாவது ஆள் அழுவான்"னு ஒரு வாதம் உண்டு. உண்மைதான், அழுவான். ஆனா எல்லா அழுகையும் ஒண்ணு கிடையாது. ஒரு மேட்ச்கூடத் தோக்காத ஆபர்னோட அழுகையும், மூணு மேட்ச் தோத்துட்டு வந்த பதிமூணாவது ஆளோட அழுகையும் ஒண்ணா? கோட்டைக் கீழ இறக்க இறக்க, வெளியே நிக்கிறவனோட வழக்கு பலவீனமாகும். அநியாயத்தை ஒழிக்க முடியாது, குறைக்கலாம்.

இன்னொரு பக்கம், "எல்லாரையும் உள்ளே விட்டா லீக் மேட்சுக்கு என்ன மதிப்பு?"ன்னு கேக்கறாங்க. அதுக்குத்தான் சொந்த மைதானம். கங்கோத்ரியில ஆடறதுக்கும், வான்கடேயில போய் ஆடறதுக்கும் இருக்கிற வித்தியாசம் கிரிக்கெட் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும். வரிசைங்கிறது இருக்கை ஒதுக்கறதுக்கு இருக்கட்டும். வாசலைச் சாத்தறதுக்கு அது ரொம்பப் பலவீனமான கருவி.

2025 ரஞ்சியில கேரளா ஃபைனல் வந்த கதை ஞாபகம் இருக்குமே. கால் இறுதியில ஜம்மு காஷ்மீரோட ஒரே ஒரு ரன் லீட். அரை இறுதியில குஜராத்தோட ரெண்டு ரன் லீட். குஜராத்தோட கடைசி ஆள் அடிச்ச பந்து, ஷார்ட் லெக்ல நின்ன சல்மான் நிசார் ஹெல்மெட்ல பட்டு மேல எகிறி, சச்சின் பேபி கைக்குப் போச்சு. அதுல போச்சு குஜராத்தோட சீசன். இதைவிடக் கொடுமையா ஒருத்தன் வெளியே போக முடியுமா? ஆனா பாருங்க, அந்த ஹெல்மெட் கேட்ச் குஜராத்காரனுக்கு வலிச்சிருக்கும், "அநியாயம்"னு தோணியிருக்காது. ரெண்டு பேருக்கும் விதி முன்னாடியே தெரியும், ரெண்டு பேரும் ஒரே பிட்ச்ல ஆடினாங்க.

தமிழ்நாடு கடைசியா ரஞ்சி ஜெயிச்சது 1987-88ல. அப்ப நான் அரை டிரவுசர். அதுக்கப்புறம் எத்தனை ஃபைனல், எத்தனை அரை இறுதி! தோத்த ஒவ்வொரு மேட்சுக்கும் எங்க ஆபீஸ்ல நான் கேலி வாங்கியிருக்கேன், இனியும் வாங்கிக்கறேன். தோக்கறதுன்னா எதிர்ல ஒருத்தன் பேட்டோட நிக்கணும், அவன் நம்மளைவிட நல்லா ஆடணும். தசமப் புள்ளிகிட்ட மட்டும் தோக்க வேண்டாம். அதுகிட்ட கை குலுக்கிட்டு வரக்கூட முடியாது.

பி.கு: கர்நாடகா நண்பர்களே, "762" எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். புதுசா ஏதாவது நம்பர் இருந்தா சொல்லுங்க :-)